மணல் மண்ணாகும் கணக்கு

சீனாவின் நிங்சியா பகுதியில், டெங்கர் பாலைவனத்தின் தென்கிழக்கு ஓரத்தில், மஞ்சள் ஆற்றை ஒட்டி ஷாபோடோ என்ற இடம் இருக்கிறது. பாவ்டோ நகரையும் லான்சோ நகரையும் இணைக்கும் ரயில் பாதை 1958-இல் திறக்கப்பட்டபோது, இங்கே நகரும் மணற்குன்றுகளின் நடுவே அது போக வேண்டியிருந்தது. ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாத பூமி. நிலத்தடி நீர் எந்த வேருக்கும் எட்டாத ஆழத்தில் கிடந்தது. பலத்த காற்று அடித்தால் தண்டவாளம் மணலுக்குள் புதைந்துவிடும். 1950களின் நடுவில் அங்கே ஆய்வு நிலையம் அமைத்த சீன அறிவியல் அகாதமி விஞ்ஞானிகள், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களாக வைக்கோலை மணலில் செருகிவைத்தார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத அந்த வைக்கோல் வரப்புகள், தரையை ஒட்டி வீசும் காற்றின் வேகத்தை முறித்தன. கட்டங்களுக்குள் வறட்சி தாங்கும் புதர்களை நட்டார்கள். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த கராகானாவும் ஹெடிசாரமும், நம் மருக்கொழுந்துக்கு உறவான ஆர்ட்டிமீசியாவும் அவற்றில் முக்கியமானவை. பாசனம் இல்லாமல், பெய்த மழையை மட்டும் நம்பி, பாதையின் இரு பக்கமும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பசுமைப் பட்டை எழுந்தது. ரயில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வைக்கோலையும் புதரையும்தான் முதலில் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது அவைதானே. ஆனால் வைக்கோல் நான்கைந்து ஆண்டுகளில் மக்கிப்போனது. புதர்களும் ஒரு கட்டத்துக்கு மேல் அடர்த்தி குறைந்து மெலிந்துவிட்டன. அப்படியானால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது எது? மேற்பரப்பின் ஓரிரு சென்டிமீட்டருக்குள் அதற்கு விடை இருக்கிறது. நீலப்பச்சைப் பாசிகள், பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், லைக்கன்கள், மாஸ்கள் எல்லாம் சேர்ந்து நெய்த உயிருள்ள மேலோடு அது. மணலை நிறுத்த நடப்படும் எந்தக் காட்டரணின் ஆயுளையும் கடைசியில் முடிவு செய்வது அதன் மண்ணில் குடியேறும் நுண்ணுயிர்களின் வளமும் வகையும்தான் என்பது என் வாதம். அதை ஏற்றுக்கொண்டால், நட்ட கன்றுகளையும் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பசுமையையும் மட்டும் எண்ணி வெற்றியை அறிவிக்கும் வழக்கம் போதாது என்பதையும் ஏற்க வேண்டியிருக்கும்.

மணலும் மண்ணும் ஒன்றல்ல என்பது விதை போட்ட எவருக்கும் தெரியும். மணல் உடைந்த பாறைத் துகள். நீரைத் தாங்கிவைக்காது, உரத்தைப் பிடித்துவைக்காது. நீரும் உரமும் அதில் ஒட்டுவதற்கு மட்கிய பொருளும் களித்துகளும் வேண்டும். வளமான வயல் மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் நூறு கோடி பாக்டீரியாக்கள்வரை இருக்கும், வகைகள் ஆயிரக்கணக்கில் தேறும். நகரும் மணற்குன்றில் அந்த எண்ணிக்கை மிகமிகக் குறைவு. உணவாகக் கரிமப்பொருள் இல்லை, ஈரம் நிற்பதில்லை, கோடையில் மேற்பரப்பு கொதிக்கிறது, காற்று அடிக்கும்போதெல்லாம் வீடே இடம்பெயர்கிறது. முன்பு இந்த உயிர்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துத்தான் எண்ண முடிந்தது. தட்டில் வளராதவையே பெரும்பான்மை என்பதால் கணக்கு எப்போதும் குறைந்தே வந்தது. இப்போது ஒரு பிடி மண்ணிலிருந்து மரபுப்பொருளை மொத்தமாகப் பிரித்தெடுத்து, பாக்டீரியாக்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு மரபணுத் துண்டையும் பூஞ்சைகளுக்கு உரிய இன்னொரு துண்டையும் படிக்கிறார்கள். யார் யார் இருக்கிறார்கள், எந்த விகிதத்தில் இருக்கிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடுகிறது. ஷாபோடோவில் வெவ்வேறு ஆண்டுகளில் நடப்பட்ட பட்டைகள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரே காற்று, ஒரே மழை, ஒரே மணல், வயது மட்டும் வேறு. மணல் மண்ணாகும் வரிசையை அடுத்தடுத்த படிகளாகப் படிக்க இப்படிப்பட்ட இடம் உலகில் அரிது.

அந்த வரிசை இப்படிப் போகிறது. காற்று தணிந்த கட்டங்களுக்குள் முதலில் தூசி படிகிறது. வெறும் மணலில் இல்லாத வண்டல் துகளையும் களித்துகளையும் அது கொண்டுவருகிறது. அடுத்து வருவது நீலப்பச்சைப் பாசி. நெல் வயலில் உயிர் உரமாக நாம் இடுகிறோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மைக்ரோகோலியஸ் என்ற இழை வடிவ இனம் இதில் முன்னோடி. மழைத்துளி பட்டதும் அதன் இழைகள் விழித்து, துகள்களுக்கு இடையே நகர்கின்றன. போகிற வழியெல்லாம் பசைபோன்ற ஒரு சர்க்கரைப் பொருளைச் சுரக்கின்றன. ஈரம் காய்ந்ததும் இழை உறங்கிவிடும், பசை மட்டும் மணல் துகள்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த மழையில் இதே வேலை மறுபடியும் தொடங்கும். மைக்ரோகோலியஸால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்க முடியாது. அந்த வேலைக்கு நாஸ்டாக், சைட்டோனீமா போன்ற வேறு பாசிகள் பின்னால் வந்து சேர்கின்றன. பாசிகள் சேர்த்துவைத்த கரிமத்தைத் தின்னப் பாக்டீரியாக்கள் வருகின்றன. பிறகு பூஞ்சையும் பாசியும் கூட்டு வாழ்க்கை நடத்தும் லைக்கன்கள், அவற்றுக்கும் பின் மாஸ்கள். மாஸ் மூடிய மேலோட்டை விரலால் பிய்த்தால் அப்பளத் துண்டுபோல ஒரு சில்லாகக் கையில் வரும். பாலைப் புயல் அதை அசைப்பதில்லை. உலகின் நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதத்தை இவ்வகை உயிர் மேலோடுகள் மூடியிருப்பதாக 2018-இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது.

புதர்களுக்கு இதில் பங்கு இல்லையா? பெரும்பங்கு உண்டு. காற்றை மட்டுப்படுத்தி, உதிர்ந்த இலையால் மணலுக்குக் கரிமம் ஊட்டி, கிளை நிழலால் ஈரத்தை இன்னும் சில மணி நேரம் நிறுத்திவைப்பவை அவைதான். கராகானாவின் வேரில் ரைசோபியம் பாக்டீரியாக்கள் முடிச்சு கட்டித் தழைச்சத்தைப் பிடிக்கின்றன. பல புதர்களின் வேருக்குள் நம் உழவர்கள் ‘வேம்’ என்று வாங்கி இடும் வேர் உட்பூசணம் குடியிருக்கிறது. அதன் நூலிழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தருகின்றன. அதே இழைகள் மணல் துகள்களை வலைபோலச் சுற்றி உருண்டைகளாக்குகின்றன. அதனால்தான் பாலைநிலப் புதரின் அடியில் எடுத்த மண்ணுக்கும் இரண்டு அடி தள்ளி எடுத்த மண்ணுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது. ஒவ்வொரு புதரும் வளத்தின் ஒரு தீவு. ஷாபோடோவிலும் பிற இடங்களிலும் கிடைத்த சித்திரம் பொதுவாக ஒரே திசையைக் காட்டுகிறது. நகரும் மணலோடு ஒப்பிட்டால் நட்ட பட்டைகளின் மேல்மண்ணில் நுண்ணுயிர்த் தொகையும் வகையும் கூடுகின்றன. முதல் ஒன்றிரண்டு பத்தாண்டுகளில் வேகமாகக் கூடி, பிறகு மெதுவாகின்றன. ஆழத்தில் மாற்றம் மிகவும் தாமதம். மேலே சில சென்டிமீட்டர் மண்ணாகிவிட்ட பிறகும் ஒரு முழத்துக்குக் கீழே பெரும்பாலும் மணலே கிடக்கிறது.

இனிதான் ஷாபோடோ கற்றுத் தரும் பெரிய பாடம் வருகிறது. மேலோடு தடித்துத் தூசி படியப் படிய, சிறு மழைகள் அதிலேயே தங்கிவிட்டன. அப்பகுதியில் பெரும்பாலான மழை சில மில்லிமீட்டர்தான். முன்பு மணல் வழியே கீழே இறங்கிய நீர் இப்போது மேற்பரப்பில் நின்று ஆவியாயிற்று. ஆழத்து ஈரம் குறைந்தது. ஆழ வேர் விட்ட கராகானா போன்ற புதர்கள் வாடின. உச்சக் கட்டத்தில் தரையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூடியிருந்த புதர்கள், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயின. அந்த இடத்தை ஓராண்டே வாழும் சிறு புல் பூண்டுகளும் மேலோடும் பிடித்துக்கொண்டன. மரக்கணக்கை மட்டும் பார்க்கும் அதிகாரி இதைத் தோல்வி என்று எழுதி, மறுநடவுக்கு ஆணை போடுவார். உண்மையில் அரண் முதிர்ந்துகொண்டிருந்தது. கட்டடம் எழும்வரை நிற்கும் சாரத்தைப் போல, மேலோடு உருவாகும் காலம்வரை புதர்கள் தேவைப்பட்டன. அதன் பிறகு அத்தனை அடர்த்தியாக அவை தேவைப்படவில்லை, அத்தனையையும் தாங்க அங்கே நீரும் இல்லை. இந்த நேரத்தில் மறுபடியும் குழி தோண்டி அடர்த்தியாக நட்டால் இரண்டு நஷ்டம். நாற்பது ஆண்டுகளில் உருவான மேலோடு உடையும். புதிய கன்றுகளும் தாகத்தில் சாகும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் வடகிழக்கில், லியாவ்னிங் மாநிலத்தின் ஜாங்குதாய் என்ற இடத்தில் கிடைத்தது. ஹோர்சின் மணல் நிலத்தின் தெற்கு விளிம்பு அது. ஷாபோடோவைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை பெறும் பகுதி. அங்கே 1952-இல் மணல் தடுப்பு ஆய்வகம் தொடங்கி, 1955 முதல் வடக்கே ஹுலுன்புய்ர் பகுதியிலிருந்து கொண்டுவந்த மங்கோலியப் பைன் மரத்தை நட்டார்கள். மரங்கள் நிமிர்ந்து வளர்ந்தன, மணல் நின்றது. வடசீனா முழுவதும் அது முன்மாதிரி ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் மூத்த தோப்புகளில் நுனி கருகத் தொடங்கியது. முப்பத்தைந்து, நாற்பது வயதில் மரங்கள் சாய்ந்தன. தாய்நிலத்தில் இதே பைன் நூறாண்டுகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டி வாழ்கிறது, தன் அடியிலேயே கன்றுகளையும் எழுப்புகிறது. ஜாங்குதாயிலோ தானாக முளைத்த கன்றைக் காண்பது அரிது. நிலத்தடி நீர் இறங்கியது, மரங்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக நின்றது, ஒரே இனமாக இருந்ததால் நுனிக்கருகல் பூஞ்சை எளிதாகப் பரவியது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தக் காரணங்கள் எல்லாம் மண்ணில் வந்துதான் சந்திக்கின்றன. எளிதில் மக்காத, அமிலத்தன்மை கொண்ட ஊசியிலை ஒரே வகை உணவாக ஆண்டுதோறும் விழுகிறது. அதைத் தின்னத் தெரிந்த சில பூஞ்சைக் கூட்டங்கள் மேலோங்குகின்றன. தரையில் புல்லும் பூண்டும் இல்லாததால் மற்ற உயிர்களுக்கு வேரும் இல்லை, தீனியும் இல்லை. சத்துச் சுழற்சி மந்தமாகி, மரம் வறட்சியைத் தாங்க வேண்டிய நேரத்தில் கீழிருந்து கிடைக்கும் துணையும் குறைந்துவிடுகிறது. ஜாங்குதாயின் மரங்கள் ஒரு தலைமுறைக்கு மணலை நிறுத்தின. அடுத்த தலைமுறையைத் தாங்களே பெற்றெடுக்கும் மண்ணை அவற்றால் உண்டாக்க முடியவில்லை.

தென்சீனக் கடற்கரையின் கதை நம் கடற்கரைக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் மரம் நம் ஊர்ச் சவுக்கேதான். ஃபுஜியன் மாநிலத்தின் தோங்ஷான் தீவில் கடல்மணல் வயல்களையும் வீடுகளையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியில் அம்மாவட்டக் கட்சிச் செயலராக இருந்த கு வென்சாங், பல மரங்களை முயன்று தோற்றபின், சவுக்கை நட்டு மணலை நிறுத்தினார். சவுக்கு ஏன் அந்த உப்பு மணலில் வாழ்ந்தது? அதன் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. கூடவே பூஞ்சைகளும் வேரோடு உறவாடுகின்றன. நம் பக்கத்திலும் முதிர்ந்த சவுக்குத் தோப்பின் மண்ணை அள்ளி நாற்றங்காலில் கலக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த மண்ணோடு போவது ஃபிராங்கியாதான். ஆனால் அதே மண்ணிலேயே மரத்தைக் கொல்லும் உயிரும் வாழ முடியும். 1960களில் குவாங்தோங் மாநிலத்தில் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் சவுக்குத் தோப்புகள் வாடிச் செத்தன. நோய் தாங்கும் சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் குச்சிகளிலிருந்தே லட்சக்கணக்கான கன்றுகளை உண்டாக்கி மீண்டும் நட்டார்கள். உடனடி ஆபத்து தீர்ந்தது. ஒரே மரத்தின் நகல்கள் மைல் கணக்கில் நிற்கும் நிலையும் அதோடு வந்தது. அத்தகைய தோப்பை வெட்டிவிட்டு அதே இடத்தில் இரண்டாம் முறை நட்டால் வளர்ச்சி குன்றுவதைப் பார்க்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கிழக்குக் கரையில் சவுக்கை வரிசை வரிசையாக நட்டோம். தமிழ்நாட்டுச் சவுக்கையும் ஒரு பூஞ்சை வாடல் நோய் தாக்கி வருவது உழவர்களுக்குத் தெரியும். தென்சீனக் கடற்கரையின் அனுபவத்தை நாம் தள்ளி நின்று பார்க்க முடியாது.

இவ்வளவும் கேட்டபின் எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. நுண்ணுயிர் காற்றிலும் தூசியிலும் எங்கும் பறந்துகொண்டிருக்கிறது. செடியை வைத்தால் அது தானாக வந்து சேராதா? அதற்காகத் தனியே கவலைப்படுவானேன்? பாதி உண்மை இது. தூசியோடு நீலப்பச்சைப் பாசி வருகிறது, பாக்டீரியாக்களும் வருகின்றன. ஆனால் எல்லாக் கூட்டாளிகளும் வருவதில்லை. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்றும் கன்றுகள் மஞ்சளித்துக் குன்றிப்போயின. வெளியிலிருந்து பைன் தோப்பு மண்ணைக் கொண்டுவந்து இட்டபின்தான், அதிலிருந்த வேர்ப்பூஞ்சையின் துணையால் அவை வளர்ந்தன. வந்து சேரும் உயிர்களும் தங்குவதற்கு இடம் வேண்டும். எது தங்கும் என்பதை நாம் நடும் செடி முடிவு செய்கிறது. பல வகைப் புதரும் புல்லும் கலந்த இடத்தில் பல வகை வேர்க்கசிவு, பல வகைச் சருகு கிடைக்கும். ஒற்றை மரத் தோப்பில் அந்தப் பன்மை இல்லை. இன்னொன்று, தானாக வருவதற்குப் பிடிக்கும் காலம். மேலோடு இயற்கையாகத் திரண்டு வரப் பல ஆண்டுகள், முதிரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. உள்மங்கோலியாவின் குபுச்சி பாலைவனத்தில் வூஹான் நீருயிரியல் ஆய்வகத்தார் 2002 முதல் மைக்ரோகோலியஸையும் சைட்டோனீமாவையும் தொட்டிகளில் பெருக்கி மணலில் தெளித்துப் பார்த்தார்கள். மேலோடு உருவாகும் காலம் வெகுவாகச் சுருங்கியது. செடிக்கு முன்பே மண்ணுயிரை நடலாம் என்பது இதனால் மெய்ப்பட்டது.

இரண்டாவது மறுப்பு அறிவியலாளர்களிடமிருந்தே வருகிறது, அது கடினமானது. நுண்ணுயிர் வகைகளின் எண்ணிக்கை கூடினால் மண் நலமாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஒரே வேலையை நூறு இனங்கள் செய்யக்கூடும். அவற்றில் ஐம்பது போனாலும் வேலை நடக்கும். வகைகள் கூடும்போது நோய்க்கிருமியும் கூடியிருக்கலாம். அளவீட்டிலேயே கோளாறு உண்டு. செத்த செல்களின் மரபுப்பொருள் மண்ணில் நெடுநாள் தங்கும். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல வகை மண்களைச் சோதித்து, மரபுப்பொருளில் சராசரியாக 40 சதவீதம் அப்படிப்பட்ட எச்சம் என்று காட்டினார்கள். இந்த எச்சரிக்கைகளை நான் முழுமையாக ஏற்கிறேன். வெறும் வகை எண் ஒன்றை எடுத்து அரணுக்கு மதிப்பெண் போடுவது, மரத்தை எண்ணி மதிப்பெண் போடுவதைவிட மேலானதாக இருக்காது. ஆனால் இந்த மறுப்பு வாதத்தை வீழ்த்திவிடவில்லை. 1998-இல் ஆய்வாளர் வான் டெர் ஹெய்டனும் அவர் சகாக்களும், வேர் உட்பூசண இனங்கள் கூடக்கூட அந்த இடத்துச் செடிகளின் பன்மையும் விளைச்சலும் கூடுவதைச் சோதனை வழியே காட்டினார்கள். 2016-இல் உலகெங்கும் 78 வறண்ட நிலங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நுண்ணுயிர்ப் பன்மை அதிகமான இடங்களில் சத்துச் சுழற்சி, மக்குதல், செடி வளர்ச்சி எல்லாம் சேர்ந்து மேம்பட்டிருப்பதைக் கண்டது. மழையும் மண்ணின் தன்மையும் செய்யும் வேலையைக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நிலைத்தது. வறட்சி கூடும்போது மண்ணின் பாக்டீரியா, பூஞ்சை இரண்டின் வகையும் தொகையும் குறைவதாக அதற்கு முந்தைய ஆண்டில் வந்த உலகளாவிய ஆய்வும் சொன்னது. மணல் நிலத்துக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். வயலில் பல இனங்கள் செய்யும் வேலையைப் பாலையில் மிகச் சில இனங்களே செய்யக்கூடும். தழைச்சத்தைப் பிடிக்கும் ஒரு பாசி போய்விட்டால் அந்த வேலைக்கு மாற்று ஆள் கிடைப்பது கடினம்.

மூன்றாவது மறுப்பு அவசரத்தைப் பற்றியது. மணல் ஊருக்குள் வருகிறது, ரயில் நிற்கிறது, பயிர் மூடிப்போகிறது. அப்போது எது வேகமாக வளருமோ அதை நடுவதுதானே அறிவு? பூஞ்சையின் வகையை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? வைக்கோல் கட்டம் போட்டவர்களும் அவசரத்தில்தான் போட்டார்கள். வேகமான முதல் நடவை நான் எதிர்க்கவில்லை. அந்த நடவை முடிவாக எடுத்துக்கொண்டு அதையே ஐம்பது ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் எதிர்க்கிறேன். முதல் ஐந்தாண்டின் தேவை வேறு, முப்பதாவது ஆண்டின் தேவை வேறு. இடையில் மரங்களைக் களைந்து இடைவெளி விடவும், அந்த ஊர்ப் புதரையும் புல்லையும் கலக்கவும், மேலோடு உருவான இடத்தில் கால் படாமல் காக்கவும் திட்டத்தில் இடம் வேண்டும். கால் படாமல் காப்பதற்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிங்சியாவில் 2003-இல் திறந்தவெளி மேய்ச்சலுக்குத் தடை வந்தது. ஆட்டின் குளம்பு பட்டால் மேலோடு நொறுங்கும் என்பது சரிதான், அந்தச் சுமை ஆட்டுக்காரக் குடும்பத்தின் தலையில் விழுந்தது என்பதும் சரிதான். கொட்டிலில் வளர்க்கத் தீவனமும் உதவியும் தராமல் தடையை மட்டும் போடுவது அறமாகாது.

சீனாவின் ‘மூன்று வடக்குகள்’ காட்டரண் திட்டம் 1978-இல் தொடங்கி 2050 வரை நீள்வது. கிழக்கிலிருந்து மேற்காக 4,000 கிலோமீட்டருக்கு மேல், 13 மாநிலங்கள். அந்தப் பகுதியின் காட்டுப் பரப்பு 5 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாக அரசு சொல்கிறது. 2024 நவம்பரில் தக்லமகான் பாலைவனத்தைச் சுற்றி 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பசுமை வளையம் நிறைவுற்றதாக அறிவித்தார்கள். மனித முயற்சியில் இதற்கு இணையானவை குறைவு, அதன் பெருமையைக் குறைக்க நான் எழுதவில்லை. ஆனால் இந்த எண்கள் எல்லாம் தரைக்கு மேலே உள்ளதை மட்டும் சொல்கின்றன. 2016-இல் லோயஸ் பீடபூமியை ஆராய்ந்தவர்கள், அங்கே நட்ட பசுமை அப்பகுதியின் நீர் தாங்கும் எல்லையை நெருங்கிவிட்டதாக எச்சரித்தார்கள். 2021-இல் சீன அரசே ‘நீர் இருக்கும் அளவுக்குப் பசுமை’ என்ற நெறியை வழிகாட்டுதலில் சேர்த்தது. நல்ல திருப்பம் அது. நீர்க்கணக்கு திட்டத்துக்குள் வந்துவிட்டது. மண்ணுயிர்க் கணக்கும் உள்ளே வந்தால்தான் அது முழுமையாகும், ஏனென்றால் கிடைக்கும் நீரைப் பிடித்துவைப்பதும் சத்தாக மாற்றிச் செடிக்குக் கொடுப்பதும் அந்த உயிர்களே.

மண்ணுயிர்க் கணக்கு எடுக்கப் பெரும் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மரபணு ஆய்வைச் சில மாதிரி இடங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். மற்றபடி வனக்காவலர் செய்யக்கூடிய எளிய சோதனைகள் பல உண்டு. ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு மேலோடு மூடியிருக்கிறது, அதில் பாசி எவ்வளவு, மாஸ் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு குவளை நீர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கலாம். தேயிலைப் பொட்டலத்தைப் புதைத்து, மூன்று மாதம் கழித்து எடுத்து எடை போட்டால் மண் எவ்வளவு வேகமாக மக்கவைக்கிறது என்று தெரியும். உலகெங்கும் பள்ளி மாணவர்கள்கூடச் செய்யும் சோதனை அது. வேரைத் தோண்டி முடிச்சு உயிரோடு இருக்கிறதா, வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பா என்று பயறுக் குடும்பச் செடிகளில் பார்ப்பதை எந்த உழவரும் கற்றுத்தருவார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு கேள்வி: நடாமல் தானாக முளைத்த கன்று அங்கே இருக்கிறதா? ஜாங்குதாயின் பைன் தோப்பு இந்தக் கேள்வியில்தான் தோற்றது. இந்தக் கேள்வியை இருபதாம் ஆண்டிலேயே கேட்டிருந்தால் நாற்பதாம் ஆண்டின் அழிவைக் குறைத்திருக்கலாம்.

நம் கடற்கரையிலும் தூத்துக்குடித் தேரிகளிலும் மணலை நிறுத்த மரம் நடுகிறோம், இனியும் நடுவோம். இத்தனை லட்சம் கன்றுகள் நடப்பட்டன என்ற செய்தியை அடுத்த முறை வாசிக்கும்போது, பத்து ஆண்டுகளுக்கு முன் நட்ட இடத்தின் மண்ணை யாராவது சோதித்தார்களா என்று கேளுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள், வனத்துறைக்கு எழுதிக் கேளுங்கள், நடவுக்கு நிதி தரும் நிறுவனங்களிடமும் கேளுங்கள். நடவுச் செலவில் மிகச் சிறு பங்கை மண் சோதனைக்கு ஒதுக்கினாலே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.